ஒன்பதாவது ஹெட்போன்

திருச்சிராப்பள்ளி
14-5-48

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உச்சிமாகாளி எழுதுவது. நானும் உங்கள் தங்கை சிவந்தியும் சுகமாக இருக்கிறோம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. அக்கா ஆவுடையம்மாளுக்கு மூட்டுவலி குறைந்ததா?

ஒரு வியாபாரக் காரியமாக எழுதுகிறேன். எங்கள் கம்பெனியின் சின்ன விமானம் மீனம்பாக்கத்துக்கும் திருச்சிக்கும் போய்வருவது உங்களுக்குத் தெரியும். எட்டுப் பேர் உட்காரலாம். சிரித்துக்கொண்டு ஏறுகிறவர்கள் இறங்கும்போது இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு இறங்குகிறார்கள். இறங்கி அரை மணி நேரத்துக்கு யார் பேசினாலும் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். ஒரு முறை வந்தவர் அடுத்த முறை ரயிலுக்குப் போய்விடுகிறார். தீபாவளிக்குள் எட்டு இடமும் நிரம்பாவிட்டால் விமானத்தை விற்றுவிட்டு பஸ் விடப்போவதாக முதலாளி ரகுபதி சொல்லிவிட்டார்.

விமானிக்கு இருப்பதுபோல் பிரயாணிகளுக்கும் தலையில் மாட்டும் ஹெட்போன் கொடுக்கலாம் என்று யோசனை. எஞ்சின் சத்தம் அடங்க வேண்டும். விமானி சொல்வது காதில் விழ வேண்டும். எல்லாவற்றையும்விட, ஒன்றரை மணி நேரம் போட்டிருந்தாலும் தலை நோகக் கூடாது. பட்டாளம் கழித்துப்போட்ட யுத்தச் சரக்கு உங்கள் கடைக்கு நிறைய வந்திருப்பதாகச் சிவந்தி சொன்னாள். சௌகரியமானதாக எட்டு பொறுக்கி அனுப்ப வேண்டும். பொறுக்கும் பொறுப்பை முதலாளி என் தலையில் கட்டியிருக்கிறார்.

நானும் எல்லாப் பயணத்திலும் கூடவே போகிறேன். பெட்டி ஏற்றுவது, பெப்பர்மின்ட் கொடுப்பது, வாந்தி எடுப்பவர்களுக்குப் பை பிடிப்பது எல்லாம் என் வேலை. எனக்குக் காதில் வைக்கப் பஞ்சு போதும்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உச்சிமாகாளி

*

ராயபுரம்
5-6-48

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சுயம்பு எழுதுவது. வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போய் முடி இறக்கிவிட்டு பத்து நாளைக்கு முன்புதான் திரும்பினேன். அதனால் பதில் சுணங்கிவிட்டது. உங்கள் அக்காவுக்கு மூட்டு ஓடவில்லை, வாய் ஓடுகிறது. மற்றபடி வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

உங்கள் கடிதத்தைப் பார்த்துப் பெட்டிகளைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. காத்திவாக்கத்தில் இறால் காயப்போடும் இடத்தில் நின்றிருக்கிறீர்களே, இந்த வாடைக்கு முன்னால் அது சந்தனம். எவனோ ஒரு வெள்ளைக்காரனின் செம்பட்டை மயிர் நாலைந்து பிசின்போல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காது வைக்கிற குழியில் மஞ்சளாகக் காய்ந்து கிடப்பது என்னவென்று நான் எழுதப்போவதில்லை. தோல் தொப்பியோடு சேர்ந்த ரகத்தில் ஈர் பொரிந்த கூடு. செத்தவன் தலையோ பிழைத்தவன் தலையோ, யாருக்குத் தெரியும்? நான் எத்தனையோ கழிவுச் சரக்கு விற்றவன். ஓட்டைத் தகரம் விற்றிருக்கிறேன், துருப்பிடித்த சங்கிலி விற்றிருக்கிறேன். குமட்டியது இதுதான்.

நம் கடை அம்புரோஸ் துறைமுகத்தில் பதினெட்டு வருஷம் பளு தூக்கும் விஞ்ச் ஓட்டியவன். எதற்கும் மூக்கைப் பிடிக்காத ஆள். அவனே எட்டி நின்று, "இன்னா மொதலாளி, இத்தப் போயா பெரிய மன்சங்க காதுல மாட்டப்போறே? கலீஜ்! என் மாமியா காதுலகூட மாட்டமாட்டேன்" என்றான்.

"மாமியார் மேல் அவ்வளவு பாசமா?" என்றேன்.

"பாசமாவது! அப்பால அத்தத் தொடைக்கிறது யாரு, நான்தானே?"

ஸ்பிரிட் ஊற்றிக் கழுவி வெயிலில் வைத்தோம். பிறகு பொறுக்க ஆரம்பித்தேன். கறுப்புக் கட்டையாக மெத்தையே இல்லாமல் இருப்பது ஒன்று. போட்டால் காதில் அம்மிக்குழவி தொங்குகிறது. தோல் தொப்பி ரகம் இந்த ஊர் வெயிலுக்கு ஆகாது. மிச்சத்தில் ஸ்பாஞ்சு ரப்பர் மெத்தை வைத்தது ஒன்று நன்றாகப் பட்டது. கையில் அழுத்திப் பார்த்து வாங்குகிறவன் ஏமாந்துபோவான், மாப்பிள்ளை. கைக்கு மெத்தென்று இருப்பது காதுக்கு அப்படி இருக்காது. ஆகையால் மீஞ்சூரில் நமக்குத் தெரிந்த ரைஸ் மில்லில் எஞ்சின் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒவ்வொரு ரகத்தையும் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். கனம் தலை உச்சியில் இறங்க வேண்டும், காதில் இறங்கக் கூடாது. அதுதான் சூட்சுமம். எஃகுப் பட்டை ஆளை நெரித்தது. ஒவ்வொன்றையும் கடையில் இருக்கும் அளக்கிற மரப்படிகளின் மேல் விரித்து மாட்டி மூன்று நாள் அப்படியே வைத்தேன். இப்போது பிடிக்கிறது, நெரிக்கவில்லை.

எட்டு கேட்டீர்கள். ஒன்பது அனுப்பியிருக்கிறேன். ஒன்பதாவது பிரயாணிக்கு அல்ல, உங்களுக்கு. அம்புரோஸுக்கு இடது காது சுத்தமாகக் கிடையாது. விஞ்ச் சத்தம் தின்றுவிட்டது. அவனும் பஞ்சுதான் வைத்தானாம். முதலில் காதுக்குள் சுவர்க்கோழி கத்துவதுபோல் ஆரம்பித்ததாம். ராத்திரி முழுக்கச் சுவரைத் தட்டிப் பூச்சியைத் தேடியிருக்கிறான். போன காது திரும்பாது, மாப்பிள்ளை. ஒன்பதாவதை நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டும்.

சிவந்தியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.

சுயம்பு

*

திருச்சிராப்பள்ளி
20-6-48

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. உங்கள் மொட்டைத் தலையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று சிவந்தி சிரித்தாள். இருவரும் சுகம்.

எட்டையும் மாட்டி நான்கு பயணம் போய்வந்தாகிவிட்டது. முதல் நாள் ஒரு வக்கீல் இறங்கி வந்து, "தூங்கிவிட்டேன் ஐயா" என்றார். விமானத்தில் ஒருவர் தூங்கியது இதுவே முதல் தடவை. முதலாளி என் முதுகில் தட்டினார்.

ஒன்பதாவதை ஸ்டோரில் உதிரியாக வைக்கச் சொல்லிவிட்டார். சிப்பந்தி தலையில் அதை மாட்டிக்கொண்டு நின்றால் பிரயாணி கூப்பிடுவது எப்படிக் காதில் விழும் என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். எனக்குப் பழகிவிட்டது, கவலைப்பட வேண்டாம்.

இந்தப் பக்கம் இந்த வருஷம் சுவர்க்கோழித் தொந்தரவு அதிகம். ராத்திரி தூங்க விடுவதில்லை. மற்றபடி ஒன்றும் விசேஷமில்லை.

அக்காவுக்கு என் வணக்கம்.

உச்சிமாகாளி

*

திருச்சிராப்பள்ளி
9-7-48

அன்புள்ள அண்ணனுக்கு,

சிவந்தி எழுதுவது. மதினிக்கு மூட்டுக்கு நொச்சி இலை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் மாப்பிள்ளைக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீங்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. இங்கே எங்கள் வீட்டில் சுவர்க்கோழியே கிடையாது. ராத்திரி எழுந்து விளக்கை வைத்துக்கொண்டு அரிசிப் பானைக்குப் பின்னால் தேடுகிறார்கள். "கேட்கலையா உனக்கு?" என்று என்னையே கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல? கேட்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புகிறார்கள். தெருவில் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறார்கள். டாக்டரிடம் போவோம் என்றேன். காது மந்தம் என்று முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும் என்கிறார்கள். "வேலை போனால் மறுபடி உங்க அண்ணன் கடையில் போய் நிற்கச் சொல்றியா?" என்று கேட்டார்கள்.  ஏன் அப்படிக் கேட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

சிவந்தி

*

திருச்சிராப்பள்ளி
18-7-48

மச்சான் அவர்களுக்கு,

சுகம், சுகத்துக்கு எழுதவும். அவசரமாக எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய ரப்பர் மெத்தை நாறிவிட்டது. உண்மையாகவே நாறுகிறது. தேங்காய் எண்ணெய் தடவிய தலைகள் மாறி மாறிப் பட்டு, ரப்பர் ஊறி உப்பிக் களிபோல் ஆகிவிட்டது. நேற்று ஒரு மில்காரரின் சம்சாரம் கழற்றும்போது கறுப்புப் பசை கூந்தலோடு வந்தது. மல்லிகைச் சரத்தில் முக்கால்வாசி ஹெட்போனோடு போய்விட்டது. போதாததற்கு, வைரத்தோட்டின் திருகாணி காதுக்குப் பின்னால் குத்தி ரத்தம். அந்த அம்மாள் என்னைப் பேசிய பேச்சு எழுதத் தக்கதல்ல.

இன்னொரு பெரிய மனிதர், "இதற்கு முன்னால் இதை எந்தச் சாதிக்காரன் போட்டான்?" என்று ஏறும் படியிலேயே கேட்கிறார். அவருக்கென்று ஒன்றைத் தனியாகப் பூட்டிவைக்க முதலாளி உத்தரவு. மற்ற ஏழையும் ஒவ்வொரு பயணத்துக்கும் நான் என் துண்டால் துடைக்கிறேன். துண்டைச் சிவந்தி வீட்டுக்குள் விடுவதில்லை.

வேறு சரக்கு உடனே வேண்டும். இல்லாவிட்டால் தீபாவளி வரைகூடப் போகாது.

உச்சிமாகாளி

*

ராயபுரம்
12-8-48

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே ஒருவரும் படுக்கையில் இல்லை. நொச்சி இலை வைத்துக் கட்டி உங்கள் அக்கா இரண்டு தெரு நடக்கிறாள்.

தப்பு என்னுடையது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. மீஞ்சூர் மில்லில் உட்கார்ந்து பரீட்சை செய்தேனே, யார் தலையில்? மொட்டைத் தலையில்! எண்ணெய் இல்லை, பூ இல்லை, தோடு இல்லை, கொண்டை இல்லை. முருகனுக்கு முடியைக் கொடுத்துவிட்டு வந்து, ஊரில் உள்ள தலையெல்லாம் என் தலைபோல் இருக்கும் என்று சரக்குப் பொறுக்கியிருக்கிறேன். முப்பது வருஷம் வியாபாரம் செய்தவன் செய்கிற வேலையா இது? வெள்ளைக்காரன் பட்டாளத்தானுக்குச் செய்த சாமான், அவன் தலையும் கிராப்பு வெட்டின வெறுந்தலை. எனக்கு அது பொருந்தியதில் என்ன ஆச்சரியம்?

இந்தத் தடவை எண்ணெய்த் தலையும் நகைக் காதும் உள்ள ஆளைத் தேடினேன். பக்கத்துச் சந்தில் மெத்தை தைக்கும் காத்தூன் பீவியைக் கூப்பிட்டேன். காது மடல் நெடுக வளையம் போட்டிருக்கிற அம்மாள். மாட்டிய மாத்திரத்தில், "யா அல்லா! இது இன்னா நைனா, இடுக்கியா? காதை வறுத்துத் தின்னப் போறானா அவன்?" என்று கழற்றி என் மடியில் போட்டார்.

"எங்கே வலிக்கிறது, சொல்லுங்கள் அம்மா."

"எங்க வலிக்கலன்னு கேளு, அத்தச் சொல்றேன். காது மேல வெச்சு அமுக்கினா வலிக்காம இன்னா பண்ணும்? காதைச் சுத்தி வெய்யி. மீன்காரி கூடைக்கு அடியில சும்மாடு வெக்கிறா பாரு, நடுவுல பள்ளம் வுட்டு? அந்தப் பள்ளத்துல காது பாட்டுக்கு சொகமா குந்திக்கினு கெடக்கும், தோட்டோட."

எனக்கு வெட்கமாகிவிட்டது. காசிமேட்டில் ஆயிரம் சும்மாடு தினமும் என் கண்ணெதிரே போகிறது.

ரப்பரையெல்லாம் பிய்த்து எறிந்தோம். அகலமான வளையமாக இலவம்பஞ்சு வைத்து, மேலே மல் துணி உறை. உறையைத் தனியாகக் கழற்றலாம், துவைக்கலாம். ஒவ்வொரு பிரயாணிக்கும் வெளுத்த உறையை அவர் கண்ணெதிரே மாட்டிக் கொடுங்கள். முன்னால் யார் போட்டான் என்று கேட்கிற வாய்க்கு அதுதான் பூட்டு. அந்தக் கேள்வியைக் கேட்டவர் காதிலிருந்து எடுத்த உறையையும் நீங்கள் தொடாதீர்கள், வண்ணானுக்குப் போடுங்கள். அந்தப் பட்டாளப் பெட்டியிலிருந்த அழுக்கைவிட இது பெரிய அழுக்கு. ஸ்பிரிட்டால் போகாது.

எஞ்சின் பக்கத்தில் இந்த முறை காத்தூன் பீவியும் உங்கள் அக்காவும் உட்கார்ந்தார்கள், தலை நிறைய எண்ணெயும் பூவுமாக. இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

மறுபடியும் ஒன்பது அனுப்புகிறேன். ஒன்பதாவதற்கு மட்டும் சிவப்பு உறை. அது உதிரி அல்ல. ஸ்டோருக்குப் போகக் கூடாது. வயரை எங்கும் செருக வேண்டாம், சத்தம் அடங்கினால் போதும். பிரயாணி கூப்பிட்டால் கையை ஆட்டட்டும். உங்கள் முதலாளியிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் நான் எழுதுகிறேன். சுவர்க்கோழி எப்படி இருக்கிறது?

சுயம்பு

*

திருச்சிராப்பள்ளி
3-9-48

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் ஆசீர்வாதத்தில் சுகம். அக்கா நடக்கிறார்கள் என்று படித்து இருவருக்கும் சந்தோஷம்.

சும்மாடு ஜெயித்துவிட்டது. வைரத்தோடு அம்மாள் மறுபடி வந்தார்கள், தங்கையையும் கூட்டிக்கொண்டு. உறையை எதிரில் பிரித்து மாட்டுவதைப் பார்த்து எல்லாருக்கும் திருப்தி. இந்த மாதம் ஒரு இடம்கூடக் காலி இல்லை. முதலாளி விமானத்தை விற்கும் பேச்சை விட்டுவிட்டார். இன்னொரு விமானம் வாங்கும் பேச்சு நடக்கிறது.

காத்தூன் பீவி அம்மாளுக்கு என் நன்றியைச் சொல்லவும். முதலாளிக்கு நீங்கள் தனியாக ஒன்றும் எழுத வேண்டாம்.

உச்சிமாகாளி

*

ராயபுரம்
8-9-48

மாப்பிள்ளை அவர்களுக்கு,

எல்லாரும் நலம். சந்தோஷம். ஒன்பதாவதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே?

சுயம்பு

*

ராயபுரம்
27-9-48

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். பத்தொன்பது நாளாகப் பதில் இல்லை. உறை கூடுதலாக வேண்டும் என்று கம்பெனித் தாளில் டைப் அடித்து வந்தது, கையெழுத்து உங்களுடையது. அதில் ஒன்பது ஹெட்போனுக்கும் கேட்டிருக்கிறது. அப்படியானால் ஒன்பதாவதும் பயன்படுகிறது. யார் தலையில்?

சுயம்பு

*

ராயபுரம்
16-10-48

மாப்பிள்ளை அவர்களுக்கு,

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். எனக்குத்தான் நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மீனம்பாக்கத்தில் நான் சீட்டு வாங்கி ஏறியபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். சொல்லாமல் வந்தது என் தப்பு. சொன்னால் அந்தச் சிவப்பு உறையை அன்றைக்கு ஒருநாள் உங்கள் தலையில் பார்த்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை.

உங்கள் முதலாளி ரகுபதி முன் இடத்திலிருந்து, "வாங்க வாங்க அண்ணாச்சி! எல்லாம் உங்க சரக்குதான்" என்று வரவேற்றார். பக்கத்தில் அவர் நாய். பூனை உயரம் இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கன்றுக்குட்டி உயரம். அதன் தலையில் சிவப்பு உறை போட்ட ஒன்பதாவது ஹெட்போன், தாடைக்குக் கீழே நாடாவால் கட்டி. காத்தூன் பீவி கண்ணாடி போட்டுக்கொண்டு நுணுக்கி நுணுக்கித் தைத்த உறையில் எச்சில் வழிகிறது.

"ஜிம்மியைப் பாத்தீங்களா, என்ன சமத்து! முன்னெல்லாம் ஏறினதுமே ஊளை விடும். நாய்க்கு நம்மளவிடப் பத்து மடங்கு காது கூர்மை, தெரியுமில்ல?"

"அப்படியா? மனுஷனுக்கு?" என்று கேட்டேன்.

"மனுஷன் பழகிக்கிடுவான், அண்ணாச்சி."

இந்த வார்த்தையை உங்கள் கடிதத்தில் முன்பே படித்திருக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

எஞ்சின் கிளம்பியதும் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். சொகுசுதான். என் சரக்கு, எனக்குத் தெரியாதா? எல்லாச் சத்தமும் தூரத்துக் கடல்போல் அடங்கிப்போனது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். காதில் பஞ்சோடு நீங்கள் வால் பக்கத்துத் தகரத்தில் முதுகைச் சாய்த்து நின்றீர்கள். எவனோ ஒருவன் குடலைக் கக்க, பையைப் பிடித்தீர்கள். என் தலையிலிருந்ததைக் கழற்றி உங்கள் தலையில் மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. உங்கள் வேலை போய்விடும், சிவந்தி சங்கடப்படுவாள் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய், மாப்பிள்ளை. ஒரு நிமிஷம் கழற்றிப் பார்த்தேன். அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. திரும்ப மாட்டிக்கொண்டு திருச்சி வரை வந்தேன். அந்த நாயைப் பார்த்து அருவருப்புப் பட்டவன் அதைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. நாய்க்காவது ஒன்றும் தெரியாது, எனக்குத் தெரியும்.

இறங்கியதும், எஞ்சின் நின்ற பிறகு, நாலடி பின்னால் நின்று, "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டேன். மூன்று தடவை. பெட்டிகளை எண்ணிக்கொண்டே போனீர்கள். ரகுபதி சிரித்தார். "மாப்பிள்ளை முறுக்கா, அண்ணாச்சி?" என்றார். ஆமாம் என்று சொல்லி நானும் சிரித்தேன். உங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். சிரித்த வாயை வீட்டுக்கு வந்து மூன்று தடவை கொப்புளித்தேன்.

இனி நேராகப் பேசுகிறேன். நம் கடையில் நீங்கள் இருந்த அந்த வருஷம், ஆட்கள் முன்னால், "மாப்பிள்ளை என்றால் உட்கார்ந்து தின்ன வேண்டியதுதானே" என்று சொன்னேன். சிரிப்புக்குத்தான் சொன்னேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் இருப்பதற்காக நீங்கள் இரண்டு காதையும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னை மன்னிக்க வேண்டும். வயதில் மூத்தவன் எழுதுகிறான் என்று கூசாதீர்கள்.

கடைக்கு வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு முகமில்லை. சங்கதி வேறு. உறை பார்த்துவிட்டு இன்னும் இரண்டு விமானக் கம்பெனிக்காரர்கள் விசாரித்திருக்கிறார்கள். ஒருவனுக்குத் தலைப்பாகைக்கு மேல் மாட்டுகிற மாதிரி வேண்டுமாம், இன்னொருவனுக்குக் குழந்தைகளுக்கு. திருவொற்றியூரில் ஒரு கொட்டகை பார்த்துவைத்திருக்கிறேன். காத்தூன் பீவி தைப்பார், அம்புரோஸ் பட்டை வளைப்பான். நாங்கள் மூன்று பேரும் அறிந்தது மீஞ்சூர் ரைஸ் மில்தான். மேலே போனால் எங்கே அழுத்தும், எப்போது வியர்க்கும், வாந்தி வரும்போது வயர் எங்கே மாட்டும், எந்தத் தலையில் எது நழுவும் என்பதெல்லாம் முந்நூறு தடவை பறந்த உங்களுக்குத்தான் தெரியும். அது உங்கள் தொழில், உங்கள் பெயர்ப் பலகை. நான் துணியும் பஞ்சும் அனுப்புகிற ஆள், அவ்வளவுதான். கொட்டகைக்குள் நான் வர வேண்டுமானால் உங்களைக் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

ரகுபதிக்கு இனி என் கடையிலிருந்து உறை போகாது. அவருக்கு எழுதிவிட்டேன். காரணம் எழுதவில்லை.

வேலையை விடுகிறீர்களோ இல்லையோ, முதலில் டாக்டரிடம் போங்கள். மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றுங்கள்.

சுயம்பு

*

ராயபுரம்
5-11-48

அன்புள்ள தங்கை சிவந்திக்கு,

உன் மதினியும் நானும் சுகம். தீபாவளிக்கு அனுப்பிய புடவை வந்ததா? மாப்பிள்ளையிடமிருந்து இருபது நாளாக ஒரு எழுத்தும் இல்லை. கோபமாக இருந்தாலும் இருக்கட்டும். டாக்டரிடம் போனார்களா என்று மட்டும் எழுது.

அண்ணன்

*

திருச்சிராப்பள்ளி
11-11-48

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நாங்கள் சுகம். புடவை வந்தது, சிவந்தி கட்டிக்கொண்டாள். அக்கா தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தார்களா? உங்கள் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. பதில் எழுத உட்கார்ந்து பலமுறை எழுந்துவிட்டேன்.

டாக்டர் ஒரு கவட்டை இரும்பைத் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்தார். எப்போது தட்டினார் என்பதை அவர் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவரும் அதைக் கவனித்துவிட்டு, கண்ணை மூடச் சொன்னார். பிறகு ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார். என்ன எழுதினார் என்பதைச் சிவந்தி நேரில் சொல்லட்டும். மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு இனிமேல் எஞ்சின் பக்கம் போகவே கூடாதாம்.

சனிக்கிழமை முதலாளியிடம் கணக்கை ஒப்படைத்தேன். கடைசிப் பயணத்தில் ஜிம்மி தலையிலிருந்து அதைக் கழற்றிவிட்டேன். ஊளையிட்டிருக்க வேண்டும், வாய் அப்படித்தான் அசைந்தது. முதலாளி என்னைப் பார்த்து வெகுநேரம் கத்தினார். அதுவும் ஒன்றும் தொந்தரவாக இல்லை.

கொட்டகையைப் பற்றி. தலைப்பாகைக்கு மேல் பட்டை நிற்காது, பின்கழுத்து வழியாகக் கொண்டுவர வேண்டும். குழந்தைக்குச் செய்வதில் வயரை வலப்பக்கம் வைக்கக் கூடாது, பிடித்து இழுக்கும். நேரில் வரைந்து காட்டுகிறேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். எழுதிவிட்டீர்கள். வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ரயிலில் எழும்பூர் வந்து சேருகிறோம். கூட்டத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், மச்சான். கிட்டே வந்து தோளில் கையை வையுங்கள்.

உச்சிமாகாளி